வயதான காக்கட்டீலின் நகத்தை வீட்டிலேயே வெட்டலாமா?

செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பா வளர்க்கும் சாம்பல் நிறக் காக்கட்டீலுக்கு, அதாவது கொண்டை வைத்த அந்தச் சின்னக் கிளிக்கு, வயது 12. நகங்கள் நீண்டு வளைந்து துணியில் மாட்டிக்கொள்கின்றன. முன்பு ஒருமுறை கடையில் வெட்டக் கொடுத்தபோது ரத்தம் வந்துவிட்டது, அதிலிருந்து அப்பா யாரையும் அதன் காலைத் தொட விடுவதில்லை. வீட்டிலேயே வெட்டுவதானால் எத்தனை மில்லிமீட்டர் வெட்டலாம்? கேள்வி மில்லிமீட்டரில் இருந்தாலும், என் கையால் இந்தப் பறவைக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். கோலாலம்பூரில் சிறு பிராணிகளுக்கான கிளினிக்கில் பல வருடங்களாகப் பறவைகளையும் பார்த்துவரும் கால்நடை மருத்துவர் நான். பார்த்த வரையில் நகம் வெட்டும்போது பறவைக்கு வரும் பெரிய ஆபத்து கத்தரியால் வருவதைவிடப் பிடிக்கிற கையால் வருவதுதான் அதிகம். அதனால் எவ்வளவு வெட்டுவது என்பதற்கு முன்னால், நகம் ஏன் இப்படி வளர்ந்தது, பறவையை எப்படிப் பிடிப்பது என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

வெட்டத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். மேஜை மேல் ஒரு தாளை விரித்து அதில் பறவையை நிற்க விடுங்கள். நீங்கள் குனிந்து, அதன் பாதத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். விரலின் அடிச்சதை தாளில் படிந்து, நக நுனி மட்டும் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த நகம் சரியான அளவில்தான் இருக்கிறது. நகம் முட்டுக்கொடுத்து விரல் நுனியைத் தாளிலிருந்து தூக்கினாலோ, விரலையே ஒரு பக்கமாகத் திருப்பினாலோ வெட்ட வேண்டும். தோளில் உட்கார்ந்தால் குத்துகிறது என்பதற்காகவே பலர் வெட்டக் கொண்டுவருகிறார்கள். கூர்மை வேறு, நீளம் வேறு. கொம்பைப் பற்றிக்கொள்ள அந்தக் கூரான நுனி பறவைக்கு வேண்டும். அதை மழுங்க வெட்டிவிட்டால் வழுக்கி விழும். இறக்கையும் வெட்டப்பட்ட பறவையாக இருந்தால் நெஞ்செலும்பு தரையில் மோதித் தோல் கிழிந்துவிடும். குத்துவது மட்டும்தான் தொல்லை என்றால் நக அரத்தால் நுனியை இரண்டு தேய்ப்புத் தேய்த்தாலே போதும். உங்கள் பறவைக்குத் துணியில் மாட்டுகிறது என்கிறீர்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம். நூலில் நகம் சிக்கி, பறவை பதறி இழுத்தால் நகம் பிய்ந்து வரும், விரல் எலும்பும் முறியலாம்.

சரி, ஏன் வளர்ந்தது? காக்கட்டீலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே அது பெரும்பாலும் தரையில் இறங்கித்தான் விதை பொறுக்கும். காய்ந்த மண்ணில் நடந்து நடந்தே நகம் தேய்ந்துவிடும். நம் வீட்டுக் கூண்டில் கடையிலிருந்தே வந்த, பறவை உட்காரும் இரண்டு கட்டைகள் இருக்கும், இரண்டும் ஒரே கனம், இரண்டும் வழுவழுப்பு. அங்கே நகம் தேய வழியே இல்லை. வயதான பறவைக்கு மூட்டுவலி வந்தால் அது ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், இன்னும் தேயாது. இவையெல்லாம் சாதாரணக் காரணங்கள்.

கவலைப்பட வேண்டிய காரணம் கல்லீரல். வருடக் கணக்கில் சூரியகாந்தி விதையும் தினையும் மட்டுமே தின்று வளர்ந்த பறவைகளுக்குக் கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட பறவைகளுக்கு அலகும் நகமும் வேகமாக, கோணலாக வளர்வதை அடிக்கடி பார்க்கிறோம். நகம் வெட்டப் போகிறவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இங்கேதான் வருகிறது. ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்வதும் அதே கல்லீரல்தான். ஆக, நோயால் நகம் அளவுக்கு மீறி வளர்ந்த பறவைக்குத்தான் சின்ன வெட்டிலும் ரத்தம் நிற்காமல் போகும் அபாயம் அதிகம். கடையில் ரத்தம் வந்ததே, அது எவ்வளவு நேரத்தில் நின்றது என்று அப்பாவிடம் கேளுங்கள். மாவோ பொடியோ வைத்து ஓரிரு நிமிடத்தில் நின்றுவிட்டது என்றால், சற்றுக் கூடுதலாக வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். கால் மணி நேரம் கசிந்துகொண்டே இருந்தது என்று சொன்னால் வீட்டில் கத்தரியை எடுக்கவே வேண்டாம், நேராகக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

நகம் நீண்டிருப்பதை மட்டும் வைத்துக் கல்லீரல் நோய் என்று யாராலும் சொல்ல முடியாது, படத்தைப் பார்த்து என்னாலும் முடியாது. அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், சில சமயம் எக்ஸ்ரேயும் வேண்டும். வீட்டில் நீங்கள் கவனிக்கக்கூடியவை உண்டு. அலகும் சேர்ந்து நீள்கிறதா, அலகிலோ நகத்திலோ அடிபட்டதுபோல் கருஞ்சிவப்புத் திட்டு தெரிகிறதா, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறதா, நெஞ்சைத் தடவினால் எலும்பே தட்டுப்படாத அளவுக்குக் கொழுத்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும், நகம் பிறகு. பாதத்திலும் மூக்கடியிலும் தேன்கூடு போல் பொருக்கு இருந்தால் அது தோலுக்குள் குடியிருக்கும் பூச்சி. பட்ஜி என்னும் குட்டிக் கிளிகளுக்குத்தான் அதிகம் வரும், காக்கட்டீலுக்கு அரிது.

இனி பிடிப்பது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு வெளியே போய் உள்ளே வந்தால்தான் அதன் காற்றுப் பைகளுக்குள் காற்று போய்வரும், கொல்லன் துருத்தி மாதிரி. அந்த நெஞ்சை நாம் கையால் அழுத்திப் பிடித்துவிட்டால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அதற்கு மூச்சு இல்லை. 'பயத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டது' என்று வீட்டில் சொல்லும் பறவைகளில் சில, பயத்தோடு சேர்த்து இப்படி மூச்சு முட்டியும் போயிருக்கக்கூடும். எத்தனை என்று யாரும் கணக்கு வைத்திருக்க முடியாது. ஆனால் நெஞ்சை அழுத்தினால் பறவை மூச்சுத் திணறும் என்பதில் சந்தேகமே இல்லை.

இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்ட. முதலில் மேலே சுழலும் ஃபேனை நிறுத்துங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கை நழுவிய பறவை நேராக மேலேதான் எழும்பும். ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாம் சாத்தியிருக்க வேண்டும். பூனை இருந்தால் வேறு அறையில் அடையுங்கள். நேரம் விடிகாலை. பறவைக்கு வியர்க்காது, அதன் உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். நம் ஊர் மத்தியான வெயிலில், ஃபேனும் நின்ற அறையில், துண்டில் சுற்றி வைத்தால் சீக்கிரமே சூடேறித் தவித்துப்போகும். இரவில் தூங்குவதைப் பார்த்து எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இருட்டில் திடுக்கிட்டால் கூண்டுக்குள்ளேயே அடித்துப் புரளும் குணம் காக்கட்டீலுக்கு உண்டு.

முகம் துடைக்கும் சின்னத் துண்டு ஒன்று போதும். இரண்டு மூன்று நாள் முன்பே அந்தத் துண்டைப் பறவை பார்க்கும் இடத்தில் போட்டு வையுங்கள், அதன் மேல் தினை தூவித் தின்ன விடுங்கள். பிடிக்கும்போது முதுகுப் பக்கமிருந்து துண்டால் மூடி, முதுகு உங்கள் உள்ளங்கையில் படியும்படி எடுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாடையின் இரண்டு பக்கமும், ஆரஞ்சுக் கன்னத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். தலை திரும்பிக் கடிக்காமல் நிறுத்துவது இந்த இரண்டு விரல்கள்தான், கழுத்தை நெரிப்பது அல்ல. மற்ற விரல்கள் இறக்கையோடு சேர்த்து உடம்பை வளைத்திருக்கும், ஆனால் நெஞ்சின் மேல் ஒரு விரலும் அழுந்தக் கூடாது. சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று தெரிய, நெஞ்சைப் பாருங்கள். அது ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இப்படி வைத்திருக்க வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, வால் மேலும் கீழும் ஆடினாலோ, கத்திக்கொண்டிருந்தது திடீரென்று அடங்கிக் கண் சொருகினாலோ, வெட்டியது ஒரு நகமே ஆனாலும் உடனே கூண்டில் விட்டுவிடுங்கள். பறவை அடங்கிவிட்டது, இதுதான் சமயம் என்று வேகமாக வெட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடம்தான் விட வேண்டிய நிமிடம்.

இப்போது உங்கள் மில்லிமீட்டருக்கு வருகிறேன். நகத்தின் உள்ளே எலும்பு நுனியும், அதைத் தாண்டி ரத்தக்குழாயும் நரம்பும் போகின்றன. வெளிர் மஞ்சள் நிற லூட்டினோ காக்கட்டீலாக இருந்தால் நகம் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இளஞ்சிவப்புக் கோடு தெரியும், அதற்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்திவிடலாம். உங்களுடையது சாம்பல் நிறம், நகமும் கறுப்பாகத்தான் இருக்கும். கைப்பேசி விளக்கை நகத்துக்குப் பின்னால் பிடித்தால் சில சமயம் உள்ளே நிழல் மாதிரித் தெரியும், பல சமயம் தெரியாது. தெரியாதபோது ஒரே வழி, கொக்கி போல் மெலிந்து வளைந்திருக்கும் நுனியை மட்டும், ஒரு தடவைக்கு அரை மி.மீ., மிஞ்சினால் 1 மி.மீ. என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். சாம்பல் பூத்து, காய்ந்த பொடி மாதிரி இருந்தால் அது இன்னும் வெறும் நகம்தான். நடுவில் ஈரமாக, மினுமினுப்பாக ஒரு புள்ளி தெரியத் தொடங்கினால் அதோடு நிறுத்துங்கள். நகம் இன்னும் நீளமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும், இருக்கட்டும். நீண்ட நகத்துக்குள் ரத்தக்குழாயும் நீண்டு வந்திருக்கும். நுனியை மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்துவந்தால் அது மெல்லப் பின்வாங்கும். நாய்களில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். பறவைகளிலும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் எல்லாப் பறவைக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. அதனால் இத்தனை மாதத்தில் பழைய நீளத்துக்கு வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கருவி பெரிய விஷயமில்லை. குழந்தைக்கு வெட்டும் சின்ன நகவெட்டி காக்கட்டீலுக்குப் போதும், கூர் மழுங்காமல் இருக்க வேண்டும். நகத்தை மேலும் கீழுமாகக் கவ்வாமல் பக்கவாட்டில் கவ்வி வெட்டுங்கள். மேலிருந்து அழுத்தினால் உருண்டை நகம் நசுங்கிப் பிளந்துவிடும். வெட்டும் விரலை உங்கள் இரண்டு விரலுக்கு நடுவே தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை மட்டும் பிடித்தால், வெட்டும் நொடியில் விரலை உதறும், அப்போதுதான் கூடுதலாக வெட்டுப்படுகிறது. அப்புறம், அரம். பெண்கள் நகத்துக்குப் பயன்படுத்தும் அட்டை அரம்தான் புதிதாகத் தொடங்குகிறவருக்கு எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. நேரம் பிடிக்கும், ஆனால் அரத்தால் ரத்தக்குழாய் வரை போவது கஷ்டம்.

அப்படியும் ரத்தம் வந்துவிட்டால்? வரும், தேர்ந்த கைக்கும் வரும். பறவையின் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ரத்தம். 90 கிராம் காக்கட்டீலுக்குச் சுமார் 9 மி.லி., இரண்டு தேக்கரண்டிகூட வராது. ஆரோக்கியமான பறவை அதில் பத்தில் ஒரு பங்கு போனாலும் தாங்கிக்கொள்ளும், அது 15 சொட்டுக்கு மேல். ஆக, துண்டில் நான்கைந்து சிவப்புப் புள்ளி பார்த்துப் பதற வேண்டாம். பறவைக் கடைகளில் ரத்தத்தை நிறுத்தும் பொடி, குவிக் ஸ்டாப் மாதிரி, கிடைக்கும். அதை நக நுனியில் மட்டும் அழுத்தலாம், சதையிலோ இறகு முறிந்த இடத்திலோ போடக் கூடாது, அரிக்கும். அது இல்லையென்றால் சமையலறையில் இருக்கும் சோளமாவு, நாம் கடையில் தெப்போங் ஜாகோங் என்று கேட்டு வாங்குவது, அதுவே போதும். ஒரு சிட்டிகை எடுத்து நக நுனியில் வைத்து இரண்டு நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று பத்து விநாடிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்தது கழன்று மறுபடி தொடங்கும்.

நம் வீடுகளில் கை தானாகப் போகும் சில பொருள்கள் உண்டு. காயத்தில் காப்பித்தூள் வைக்கும் பழக்கம் பறவைக்கு வேண்டவே வேண்டாம். அது காலை வாயால் கோதும், காப்பியில் இருக்கும் கஃபீன் பறவைகளுக்கு விஷம். மஞ்சள்தூள் வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் எல்லாம் மஞ்சளாகிவிடுவதால் ரத்தம் நின்றதா என்றே தெரியாமல் போகும். படிகாரம் ரத்தத்தைக் கட்டும், கூடவே எரியும். மாவு இருக்கும்போது அது எதற்கு? தைலம் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அந்த நெடி அதன் மூச்சுக்கு ஆகாது. ஊதுவத்தி நெருப்பால் சுட்டு நிறுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். உயிருள்ள நரம்பைச் சுடுவது அது, செய்யாதீர்கள்.

ரத்தம் நின்றதும் கூண்டின் அடியில் வெள்ளை டிஷ்யூ விரித்து, பறவையை உள்ளே விட்டு, பாதி மூடி அமைதியாக விடுங்கள். புதிதாக ஒரு சொட்டு விழுந்தாலும் வெள்ளையில் உடனே தெரியும். நிதானமாக அழுத்திப் பிடித்தும் பத்து நிமிடத்துக்கு மேல் கசிந்தால், அல்லது பறவை இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பிடிக்கவே விடாத பறவைக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். காக்கட்டீல் கூண்டுக் கம்பியைப் பற்றி ஏறும்போது நகங்கள் வெளியே நீட்டிக்கொண்டு வரும். உங்கள் அப்பா கூண்டுக்குள் கையை விட்டு அதற்குப் பிடித்த தினைக் கதிரைக் காட்டிக்கொண்டிருக்க, நீங்கள் வெளியிலிருந்து ஒரே ஒரு நகத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு நகம். மொத்தம் எட்டு நகம்தான், ஒரு வாரச் சொச்சத்தில் முடிந்துவிடும். துண்டும் இல்லை, பிடியும் இல்லை. முதல் சில நாள் அரத்தை நகத்தில் தொட்டு எடுத்தால் மட்டும் போதும், அது பழகிக்கொள்ளும். கடையில் நடந்ததற்குப் பிறகு அப்பாவின் மனம் மாறவும் இதுவே வழி என்று நினைக்கிறேன், அவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாரே.

வெட்டிக்கொண்டே இருப்பதைவிடக் கூண்டை மாற்றுவது மேல். கொய்யாக் கிளைகள் நல்லது, நம் ஊரில் யார் வீட்டு வாசலிலாவது ஒரு கொய்யா மரம் இருக்கும். பூச்சிமருந்து அடிக்காததாகப் பார்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, விரல் கனம் முதல் 2 செ.மீ.க்குச் சற்று மேல் வரை வேறு வேறு கனத்தில் மாட்டுங்கள். செம்பருத்திக் கிளையும் சரி. அரளி கூடவே கூடாது, அது விஷம். கடையில் விற்கும் சிமெண்ட் கட்டை ஒன்று, ஒன்றே ஒன்று, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்; தூங்கும் இடத்தில் வைத்தால் பாதம் புண்ணாகும். உப்புத்தாள் சுற்றிய கட்டை நகத்தைத் தேய்க்கிறதோ இல்லையோ, அடிச்சதையை நிச்சயம் தேய்க்கும், அதை எடுத்துவிடுங்கள். சிமெண்ட் கட்டை வைத்தால் இனி வெட்டவே வேண்டாம் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். சில பறவைக்கு உதவுகிறது, சிலது அதில் காலே வைக்காது. சாப்பாட்டில் விதையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், 12 வயதுப் பறவை பட்டினி கிடக்கும். காலையில் சாவிக் கீரை (கடுகுக் கீரை வகை), கேரட் துருவல், கொஞ்சம் பெல்லட் (பறவைக்கென்று விற்கும் உருண்டைத் தீவனம்) என்று பழக்கி, வாரக் கணக்கில் மெல்ல மாற்றுங்கள்.

உங்கள் பறவையின் வயதையும் முன்பு ரத்தம் வந்ததையும் வைத்துப் பார்த்தால், முதல் தடவை பறவை பார்க்கும் மருத்துவரிடம் வெட்டிக்கொண்டு, அப்படியே கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள் என்பேன். இங்கே பல கிளினிக்குகள் பூனை, நாய் மட்டும்தான் பார்க்கும், அதனால் போகும் முன் போன் செய்து பறவை பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையிலும் பறவைகளைப் பார்க்கிறார்கள். சின்னக் கூண்டில் வைத்து, மேலே துணி போட்டு, வெயில் ஏறும் முன் கொண்டுபோங்கள். அன்று காலை எச்சத்தை ஒரு பிளாஸ்டிக் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள், என்ன தின்கிறது என்று எழுதியும் எடுத்துப்போங்கள். போவதற்கு முன் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம்.